பல்கலைக்கழக வாசலில் தயங்கி நிற்காதீர்கள்!



தீபாவளிக்குத் துணிமணி எடுக்க வேண்டுமா, கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வேண்டுமா, கெடாவிலும் வட பேராக்கிலும் உள்ள நம் மக்கள் பினாங்குக்குத்தான் புறப்படுகிறார்கள். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரையில் இறங்கினால், கொஞ்ச தூர நடையில் சூலியா தெரு. குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, கடைத்தெருவில் ஒரு சுற்று, நாசி கண்டார் கடையில் ஒரு சாப்பாடு. பொழுது சாய்ந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஃபெரி. "பினாங்குல எல்லாத்தையும் பார்த்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்கிறோம்.

எல்லாத்தையும் பார்த்தாச்சா? சூலியா தெருவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. பஸ்ஸில் போனாலே போதும். ஆண்டில் சில நாள்களில் அதன் வாசல் பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அங்கே கண்காட்சி உண்டு, கலைநிகழ்ச்சி உண்டு, சாப்பாட்டுக் கடையும் உண்டு. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் தலைவைத்துப் பார்த்ததில்லை. அதுதான் மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். யு.எஸ்.எம். என்றால் எல்லாருக்கும் தெரியும்.

"அங்கெல்லாம் நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கேட்கிற தாய்மார்கள் உண்டு. "படிச்சவங்க இடம், நமக்கு என்ன வேலை?" என்று கேட்கிற ஆண்களும் உண்டு. இன்றைய கட்டுரை அவர்களுக்காகத்தான்.

சூலியா தெரு யாருடைய தெரு?

முதலில் நாம் வழக்கமாக நடக்கிற தெருவையே கொஞ்சம் கவனியுங்கள். சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் கப்பலோட்டிகளையும் இங்கே 'சூலியா' என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரிலேயே தெருவும் அமைந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா இந்தத் தெருவில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே 1801-இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இன்னும் சில எட்டு வைத்தால் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். தெருவின் கடற்கரைப் பக்கத்துக் கோடிக்குச் 'சூலியா தெரு காட்' என்று பெயர். காட் என்றால் படித்துறை. சரக்கும் சனமும் இறங்கிய இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

நம் பாட்டன் பாட்டிமார் பலர் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தது பினாங்குத் துறைமுகத்தில்தான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி, கடலில் பல நாள் கழித்து, தொற்றுநோய்ச் சோதனைக்காக ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டு, பிறகு கங்காணி பின்னால் தோட்டங்களுக்குப் போனார்கள். 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1973-ஓடு அந்தக் கப்பலின் ஓட்டமும் நின்றது.

2008 ஜூலை 7-ஆம் தேதி ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கிருந்தெல்லாமோ வெள்ளைக்காரர்கள் வந்து இந்தத் தெருவைப் படம் பிடிக்கிறார்கள். நம் பிள்ளைகளோ துணிக்கடைக்கு நடுவில் ஒரு வழியாக மட்டும் இதைக் கடந்து போகிறார்கள். நம்முடையதை நாம் பார்க்காமல் போவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. பல்கலைக்கழகம் இன்னோர் எடுத்துக்காட்டு.

பட்டாளத்தார் முகாம் படிப்பு இடமான கதை

பினாங்குக்கு ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்ற தீர்மானம் 1962-இல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1967 ஆகஸ்ட் 7-ஆம் தேதி சுங்கை ஆராவில் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் பிறந்தது. சொந்தக் கட்டடம் கிடையாது. புக்கிட் குளுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவல் இடத்தில் வகுப்பு நடந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 57 அறிவியல் மாணவர்கள்தாம்! முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட். இன்று அங்குள்ள நூலகத்துக்கு அவர் பெயர்தான்.

1971-இல் அது சுங்கை ஆராவுக்குப் போகாமல் மிண்டனுக்கு வந்தது. மிண்டன் என்பது பிரிட்டிஷ் பட்டாளத்தார் தங்கிய முகாம். பட்டாளம் போனது, படிப்பு வந்தது. சிப்பாய்கள் அணிவகுத்த திடலை மாணவர்கள் இன்றும் 'பாடாங் காவாட்' என்றே சொல்கிறார்கள். தமிழில் சொன்னால் பெரட்டுக்களம்! விடியற்காலை இருட்டில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போன நமக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். அங்கே பெயர் கூப்பிட்டது வேலைக்கு. இங்கே பெயர் கூப்பிடுவது பட்டத்துக்கு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது ஒரு தலைமுறையின் வித்தியாசம்.

திறந்த நாளில் என்ன நடக்கும்?

பட்டமளிப்பு விழா நடக்கிற காலத்தை ஒட்டிப் பல்கலைக்கழக வளாகமே திருவிழாவாகிவிடும். மாணவர்கள் 'பெஸ்தா கொன்வோ' என்பார்கள். துவாங்கு சைட் புத்ரா மண்டபத்துக்குள் பட்டம் வழங்கும்போது வெளியே கடைகளும் கண்காட்சிகளும் நடக்கும். பூங்கொத்து வியாபாரம் தூள் பறக்கும். கறுப்பு அங்கி போட்ட பிள்ளையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். உற்றுப் பாருங்கள், அவர்களில் நம் முகங்களும் இருக்கும். பால் வெட்டிக் காய்த்துப்போன கையால் மகளின் தொப்பியைச் சரிசெய்கிற அப்பாமார்களும் அங்கே வருகிறார்கள்.

விழாக் காலத்தில்தான் போக வேண்டும் என்பதில்லை. அங்கே துவாங்கு ஃபௌசியா அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இருக்கிறது. 1982-இல் ஏற்படுத்தியது. ஓவியம், பழங்காலக் கைவினை, அறிவியல் என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஏற்ற இடம்.

பிள்ளைகள் அங்கே இன்னொன்றையும் பார்க்கட்டும். பெரிய மரங்கள் நிழல் விரித்திருக்கும் பாதைகள், நூலகம், பரிசோதனைக் கூடம், 'டேசாசிஸ்வா' என்று அழைக்கப்படும் மாணவர் விடுதிகள். டேசாசிஸ்வா என்றால் மாணவர் கிராமம். "நான் இங்க தங்கித்தான் படிப்பேன்" என்று ஒரு பிள்ளை மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அந்த இடத்தை அது ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா? டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே பல்கலைக்கழகப் பேச்சு நடக்கிறது. நம் வீட்டில் அந்தப் பேச்சை நாம்தான் தொடங்கி வைக்க வேண்டும்.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"எங்க புள்ளைங்க படிக்கும்போது பார்த்துக்கலாம். இப்ப எங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மருந்து அடிக்கிற வேலை. தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்தவர்களில் பெண்கள் அதிகம். முதுகில் தோம்பைச் சுமந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல் வெயிலில் நடந்தவர்களை நமக்குத் தெரியும். கிராமாக்சோன் என்ற பெயரில் வந்த பாராகுவாட் மருந்து ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கும். அதற்கு முறிமருந்து இன்றுவரை கிடையாது. 2002-இல் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்குகிற ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, மருந்து அடிக்கும் பெண்கள் படும் பாட்டை ஆய்வு நூலாக வெளியிட்டன. அதே 2002-இல் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதி முதல்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

இதில் பல்கலைக்கழகம் எங்கே வந்தது? நாட்டின் தேசிய நச்சு மையம் 1994-இல் இந்த மிண்டன் வளாகத்தில்தான் ஏற்படுத்தப்பட்டது. யாராவது விஷம் குடித்துவிட்டாலோ, பிள்ளை தெரியாமல் மண்ணெண்ணெயையோ பூச்சி மருந்தையோ வாயில் வைத்துவிட்டாலோ, என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் அங்கே தொலைபேசியில் கேட்கிறார்கள். பொதுமக்களும் கேட்கலாம். வளாகத்துக்குப் போகிறவர்கள் அந்த மையத்தின் எண்ணைக் கேட்டு எழுதி வந்து, மருந்துக் கொட்டகைக் கதவிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டி வையுங்கள். பாராகுவாட் போனாலும் வேறு மருந்துகள் புழக்கத்தில் இருக்கத்தான் செய்கின்றன. போத்தலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வீட்டில் ஒரு படித்த பிள்ளை இருப்பதும் பெரிய பாதுகாப்புத்தான்.

இரண்டாவது, கொசு. மலேரியாக் காய்ச்சலில் நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக மடிந்த தோட்டங்கள் இந்த நாட்டில் உண்டு. இன்று டெங்கி வந்து தாக்குகிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் கொசுவை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடுகிறது, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பதே அவர்கள் வேலை. வாளியிலும் பழைய டயரிலும் தேங்கும் தண்ணீரைக் கொட்டச் சொல்லிச் சுகாதார அதிகாரி அதட்டும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்தத் தண்ணீரில் நெளிகிற புழுவை ஒரு பிள்ளை கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டால், யாரும் அதட்டாமலே வீட்டு வாளியை அதுவே கவிழ்த்துவிடும்.

மூன்றாவது, கடாரம். ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின் மேல் படையெடுத்ததைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கடாரம் கெடாதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் தோட்டங்களுக்கு நடுவிலேயே கிடைத்தன. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் சுங்கை பத்துவில் இந்தப் பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் தோண்டியபோது பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. நாம் மரம் வெட்டிய நிலத்துக்கு அடியில் அவ்வளவு பழைய சரித்திரம்! ஆனால் 2013 இறுதியில், அதே பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயிலின் அடித்தளம் வீடமைப்பு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது என்ற செய்தி வந்தபோது நாடே திடுக்கிட்டது. இடம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் காவலும் இருக்கும். நாளைக்குத் தொல்பொருள் படிக்கப் போகிற பிள்ளை அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தே வரக்கூடாதா?

நம் காசும் அங்கே இருக்கிறது

பல்கலைக்கழகம் நமக்கு அந்நியம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு பழைய சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது பினாங்கில் நடந்ததல்ல, மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் நடந்தது. அங்கே இந்திய இயல் துறை தொடங்கப் போகிறார்கள் என்றதும், அதில் தமிழுக்கு முதலிடமா சமஸ்கிருதத்துக்கா என்ற வழக்கு எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக எழுதினார், பேசினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். நகரத்து வணிகர்கள் மட்டும் கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். தோட்டத்துத் தொழிலாளர்களும் கூலிப் பணத்திலிருந்து இயன்றதைக் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது, தமிழும் இடம் பெற்றது. பத்து ஆண்டுகள் கழித்து 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்தினார். பல நாட்டு அறிஞர்கள் வந்தார்கள்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பல்கலைக்கழகத்துத் தமிழுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்! தங்களுக்கு அதில் ஒரு வகுப்பும் கிடைக்காது என்று தெரிந்தே கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளாகிய நாம், கண்காட்சி பார்க்க வாசலில் நுழையவே கூச்சப்படலாமா?

போகும்போது என்ன கேட்பது?

சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தால் பாதிப் பயன்தான். கேள்வி கேட்க வேண்டும். விளக்கங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். அதற்காக ஒதுங்க வேண்டாம். நம் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிட்டு, "தம்பி, நாங்க தோட்டத்திலிருந்து வர்றோம். எம்பொண்ணு படிவம் 3. கணக்குல கெட்டி. இங்க வந்து சேரணும்னா இனி என்ன பாடம் எடுக்கணும்?" என்று கேளுங்கள். "வாங்கம்மா, சொல்றேன்" என்று கூட்டிப்போய் விளக்குவார்கள். அவர்களில் பலர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்தே வந்தவர்கள்.

கேட்க வேண்டியவை சில: எஸ்.பி.எம். முடித்ததும் ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, டிப்ளோமாவா? எந்தத் துறைக்கு எந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வேண்டும்? விண்ணப்பம் எந்த மாதம்? விடுதிச் செலவு என்ன? 1997-இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனை எப்படிக் கேட்பது, எப்படித் திருப்பிக் கட்டுவது? விண்ணப்பத் தேதி தெரியாமல் போனதால் வாய்ப்பை இழந்த பிள்ளைகள் நம்மிடையே கொஞ்ச நஞ்சமல்ல. மதிப்பெண் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை.

வேலைக்குப் போய்விட்ட இளைஞர்களுக்கும் ஒரு சேதி. இந்தப் பல்கலைக்கழகம் 1971-லேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. நாட்டில் இதுதான் முதல். வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் இருந்து படித்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வளாகத்துக்கு வந்து பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். "எனக்கு வயசாச்சு, இனிமே என்ன படிப்பு" என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பிரிவின் மேசைக்குப் போய் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

எல்லாப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. இடம் குறைவு, போட்டி அதிகம், நல்ல மதிப்பெண் எடுத்தும் கேட்ட துறை கிடைக்காத வருத்தம் நம் சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைப் பேசத்தான் வேண்டும், போராடத்தான் வேண்டும். ஆனால் விண்ணப்பமே போடாதவனுக்காக யார் போராட முடியும்? கைத்தொழில் படித்து முன்னேறுகிற பிள்ளைகளும் உண்டு. அதுவும் உயர்வுதான். எதை எடுப்பது என்று பிள்ளை தெரிந்து எடுக்க வேண்டும். வழி தெரியாமல் நின்றுவிடக் கூடாது.

தோட்டத்துத் தலைவர்களுக்கு

இன்று பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் ஒன்றாக இருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் சிதறிவிட்டார்கள். ஆனாலும் திருவிழாவுக்கு எல்லாரும் பழைய தோட்டத்துக் கோயிலில் கூடுகிறார்கள். அந்தக் கோயில் நிர்வாகத்தினரும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் மனம் வைத்தால் ஒரு பஸ் பிடிப்பது பெரிய காரியமில்லை. திருவிழாவில் வாணவேடிக்கைக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். பட்டமளிப்பு விழாவும் கண்காட்சிகளும் எந்தத் தேதியில் என்று முன்கூட்டியே பல்கலைக்கழகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளையும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். கூடவே தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஏனென்றால் பிள்ளை படிப்பதா நிற்பதா என்று பல வீடுகளில் முடிவு செய்வது அவர்கள்தாம்.

காலையில் பல்கலைக்கழகம், மத்தியானம் சூலியா தெரு, மாலையில் கோயில், பிறகு வீடு. ஒரே நாளில் எல்லாம் முடியும். வரும் நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசுங்கள். பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். முதல் பெயராக உங்கள் பிள்ளையின் பெயரையே எழுதுங்கள்!